கையுறையிலிருந்து களிம்புக்கு

தோல் பதனிடும் தொழிலின் நெடி அறியாதாரல்லர் நம் வாசகர். ஆம்பூரும் வாணியம்பாடியும் அத்தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். ஆயின், இன்று முகத்துக்குப் பூசும் வெளுப்புக் களிம்புகளின் வரலாறும் அத்தகைய தொழிற்சாலை ஒன்றிலேயே தொடங்குகிறது என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்க நாட்டில் தோல் பதனிடும் தொழிலாளர் பலருக்குக் கைகளிலும் முன்கைகளிலும் நிறம் வெளுத்துத் திட்டுத்திட்டாக மாறியது. இதனை ஆலிவர், சுவார்ட்ஸ், வாரன் என்னும் மூவர் ஆராய்ந்து 1939இல் வெளியிட்டனர். சுண்ணாம்பும் குரோமிய உப்பும் புழங்கும் இடத்தில் எவரும் முதலில் அவற்றையே ஐயுறுவர். உண்மைக் காரணமோ, அவற்றிலிருந்து கையைக் காக்க அணிந்த ரப்பர் உறை! ரப்பர் விரைவில் நைந்துபோகாதிருக்க அதிலே கலந்திருந்த மானோபென்சோன் என்னும் இரசாயனமே நிறத்தைத் தின்றது. உறை படாத இடங்களிலும் சிலருக்கு வெண்மை தோன்றிற்று. காவலாக வந்ததே களவு செய்தது.

அது செய்த களவு யாது? நம் மேல்தோலின் அடித்தளத்தில் நிற உயிரணுக்கள் உள்ளன. டைரோசின் என்னும் பொருளை டைரோசினேஸ் என்னும் நொதி படிப்படியாக மாற்றி, அங்கே மெலனின் என்ற நிறமியை ஆக்குகிறது. ஆக்கிய நிறமி சின்னஞ்சிறு பொதிகளாகப் பக்கத்து உயிரணுக்களுக்கு அனுப்பப்படுகிறது. அங்கு அது உயிரணுக் கருவின்மேல் குடைபோல் கவிந்து, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்கிறது. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிற உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. பொதிகளின் அளவிலும் நிறைவிலுமே வேற்றுமை. குலப்பெருமையும் திருமணப் பேரமும் நிற்பது இந்தப் பொதிகளின் பருமனிலே என்றால் நகைப்பே வருகிறது.

மானோபென்சோன் அந்த உயிரணுவையே அழித்துவிடும். போன நிறம் பெரும்பாலும் மீளாது. அதனால் 1952இல் அமெரிக்காவில் அது ஒரே ஒரு தேவைக்கு மருந்தாயிற்று: உடலின் பெரும்பகுதி வெண்புள்ளியால் வெளுத்தவர்க்கு எஞ்சிய நிறத்தையும் போக்கி மேனியை ஒருநிறமாக்குதல். அதன் இனத்ததாகிய ஹைட்ரோகுவினோன் சற்று மென்மையானது. அது டைரோசினேஸின் வேலையிலே குறுக்கிட்டு நிறமி உருவாவதைக் குறைக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில், அளவோடு, சில மாதங்களுக்கு மட்டும் பூசினால் மங்குக்கு அது பயனுள்ள மருந்தே. இதை மறைப்பது நேர்மையாகாது.

கேடு விளைந்தது அளவு மீறிய இடத்தில். நிறத்தை வைத்தே மனிதனின் இருப்பிடத்தையும் கூலியையும் சட்டம் வகுத்த தென்னாப்பிரிக்காவில், வெளுப்புக் களிம்பு கறுப்பின மக்களிடையே பெருவணிகமாயிற்று. செறிவு மிக்க களிம்பை ஆண்டுக்கணக்கில் பூசி, கடும் வெயிலில் உழைத்த பெண்களின் கன்னங்களில் நீலங்கலந்த கருமை படர்ந்ததை 1975இல் பின்ட்லேயும் உடனாய்ந்தோரும் எழுதினர். ஓக்ரோனோசிஸ் எனப்படும் இக்கறை மேல்தோலில் அன்று, அதனடியிலுள்ள உள்தோலில் படிவது, எளிதில் அகலாது. கறை கண்டு அஞ்சிய பெண் அதனைப் போக்க மேலும் களிம்பையே பூசினாள். கறையும் மேலும் தடித்தது.

பாதரசக் களிம்பின் கதை இதனினும் பழையது, கொடியது. அந்நொதிக்கு இன்றியமையாத செம்பின் வேலையைப் பாதரசம் கெடுக்கிறது. தோல்வழி உட்புகுந்து சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுக் களிம்புகளை ஒழிக்க 2020ஐ எல்லையாகக் குறித்தது. ஆயினும் கள்ளச் சந்தையில் அவை அழியவில்லை.

இவற்றோடு நியாசினமைடையும் ஒன்றாக எண்ணுதல் தவறு. அது உயிரணுவைக் கொல்வதில்லை, நொதியையும் தடுப்பதில்லை. பொதிகள் பக்கத்து அணுவுக்குச் செல்வதை மட்டும் ஓரளவு குறைக்கிறது என 2002இல் வந்த ஆய்வு காட்டிற்று. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். விலையை நோக்க, இதற்காகவா என்று கேட்கத் தோன்றும்!

ஐரோப்பிய நாடுகள் 2001இல் தோலுக்குப் பூசும் அழகுக் களிம்புகளில் ஹைட்ரோகுவினோனை விலக்கின. அமெரிக்கா 2020இல் மருத்துவர் சீட்டின்றி அதை விற்க முடியாதபடி செய்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, நிறவெறி ஆட்சி முற்றும் மறையாத 1990இல், தென்னாப்பிரிக்கா அப்பொருளை அழகுக் களிம்புகளிலிருந்து அகற்றும் விதிகளை இயற்றியது. களிம்பின் உறைமேல் "வெளுக்கச் செய்யும்" என்று எழுதுவதையும் அவ்விதிகள் தடுத்தன.