'பப்' என்றால் என்ன? டாஸ்மாக் பார்தான் நம்ம ஊர் பப்பா?

கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் மராத்தியரிடம் வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி. அவர்கள் நாட்டில் 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். அதாவது, ஊர்ப் பொது வீடு. பீர், சூடான சாப்பாடு, குளிர்காய கணப்பு, பழைய பப்கள் பலவற்றில் தங்க அறை, குதிரைக்கு லாயம் என எல்லாம் ஒரே இடத்தில்.

நம்ம பக்கம் எப்படி? சிதம்பரம் வரும் யாத்ரீகர்களுக்கு சோறும் படுக்க இடமும் தந்தவை சத்திரங்கள். அங்கே மதுவுக்கு இடமில்லை. ஊர்க்கதை பேச திண்ணை, டீக்கடை. கள்ளுக்குத் தனிக்கடை, அதற்கும் 1987 முதல் தடை. 2003-ல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது.

பப்புக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போகலாம், குடிக்காதவரும் உட்காரலாம். டாஸ்மாக் பாரில் அதெல்லாம் நடக்குமா? தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார சில்வர் பீச் மணல்தான் இருக்கு.