வயதான வேட்டைக்காரரும் வயதான புலியும்

வேட்டைக்காரர் என்றவுடன் அகன்ற மார்பும் முறுக்கேறிய தோளும் கொண்ட ஓர் இளைஞனே பலரின் மனக்கண்ணில் தோன்றுவான். ஆனால் இந்திய வேட்டை வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற பெயரான ஜிம் கார்பெட்டின் கதை அப்படிப்பட்டது அல்ல. சம்பாவத் புலியைச் சுட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ 32. ருத்ரபிரயாகைச் சிறுத்தையைச் சுட்டபோது 50. தாக் பெண் புலியைச் சுட்டபோது 63. மற்றவர்கள் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமரும் வயதில், இமயமலை அடிவாரக் காடுகளில் ஆட்கொல்லிப் புலியின் தடத்தைப் பின்தொடர்ந்து தனியாக நடந்தவர் அவர். இது எப்படி முடிந்தது?

நடையிலேயே வளர்ந்த உடம்பு

1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார் கார்பெட். தந்தை அங்கே தபால் அதிகாரி. பெரிய குடும்பம், அளவான வருமானம். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். குளிர்காலத்தில் குடும்பம் மலையில் இருந்து இறங்கி காலாதூங்கியில் தங்கும். அங்கே வீட்டைச் சுற்றிலும் காடு. முதலில் கவண், பிறகு வில், அதன் பிறகு ஒரு பழைய துப்பாக்கி என்று படிப்படியாக அந்தச் சிறுவன் காட்டைப் படித்தான். காலில் செருப்பு இல்லாமல் ஓசைப்படாமல் நடப்பது அப்போதே பழகிய பழக்கம்.

பதினெட்டு வயதை ஒட்டி ரயில்வே வேலைக்குச் சென்றார். பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட்டில் (காட் என்றால் படித்துறை) சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். தொடக்க காலத்தில் கூலியாட்களோடு சேர்ந்து தானும் வேலை செய்தார். பயிற்சி என்று பெயர் வைக்காமலே உடம்புக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தார்.

1907இல் சம்பாவத் புலியைத் தேடிக் கிளம்பிய முதல் நாளில் மட்டும் மலைப்பாதையில் 17 மைல் (சுமார் 27 கிலோமீட்டர்) நடந்தார். அந்தப் பெண் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. வேட்டைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அவர் அரசுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பரிசுத் தொகை அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்குச் சுடுபவன் என்ற பெயர் வேண்டாம், தவறுதலாக இன்னொருவர் குண்டு தன் மேல் பாயவும் வேண்டாம் என்பதே காரணம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தனியாகப் போகிறவனுக்குத் தன் கால்களும் கண்களும் காதுகளும்தான் துணை!

புலி ஏன் ஆட்கொல்லி ஆகிறது?

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புலி இயல்பாக மனிதனைத் தின்பதில்லை. பத்து ஆட்கொல்லிப் புலிகளில் ஒன்பது காயத்தாலும் ஒன்று முதுமையாலும் அப்படி ஆகின்றன என்பது கார்பெட்டின் கணிப்பு. சம்பாவத் புலியின் வாயில் வலப்பக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் எலும்பு வரை உடைந்திருந்தது. யாரோ எப்போதோ சுட்ட குண்டினால் வந்த பழைய காயம் அது. முக்தேசர் பெண் புலியோ முள்ளம்பன்றியோடு மோதி ஒரு கண்ணை இழந்தது. அதன் முன்காலில் ஐம்பது முட்கள் வரை தைத்திருந்தன.

அதாவது, மானைத் துரத்திப் பிடிக்க உடம்பு ஒத்துழைக்காத புலிதான் எளிதான இரையைத் தேடி மனிதனிடம் வருகிறது. முதுமை என்ற அதே பிரச்சினைதான் புலிக்கும், அதைத் தேடிச் செல்லும் மனிதனுக்கும். அதோடு, கை நடுங்குகிற, மூச்சு வாங்குகிற ஒரு வேட்டைக்காரன் சுட்டுக் கொல்லாமல் காயப்படுத்திவிட்டால், அவனே அடுத்த ஆட்கொல்லியை உருவாக்கிவிடுகிறான். அதனால் வேட்டைக்காரனின் உடல்நிலை அவனுடைய சொந்த விஷயம் மட்டும் அல்ல. அதில் அக்கம்பக்கத்துக் கிராமங்களின் உயிர் இருந்தது.

ஐம்பது வயதில் ருத்ரபிரயாகை

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது என்பது அரசாங்கக் கணக்கு. சுமார் 500 சதுர மைல் மலைப்பகுதி அதன் ராஜ்யம். 1925இல் கார்பெட் அங்கே சென்றார். அளகநந்தா ஆற்றின் தொங்குபாலத்தைச் சிறுத்தை கடக்கும் என்று எதிர்பார்த்து, பாலத்தின் கோபுரத்து உச்சியில் கூரை இல்லாமல் குளிர்காற்றில் இருபது இரவுகள் காவல் இருந்தார். சிறுத்தை வரவில்லை.

இரவில் விழிப்பு, பகலில் மலையேற்றம் என்று வாரக்கணக்கில் தொடர்ந்ததில் அவர் களைத்துப் போனார். அப்போது அவர் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. வேட்டையை நிறுத்திவிட்டு வீடு திரும்பினார். ஓய்வெடுத்து, 1926 வசந்தத்தில் மீண்டும் வந்தார். அந்த ஆண்டு மே மாதம் 2ஆம் தேதி சிறுத்தை வீழ்ந்தது. அருகே சென்று பார்த்தால், பற்கள் தேய்ந்து, ஒரு கோரைப்பல் உடைந்த கிழட்டு ஆண் சிறுத்தை அது!

ஒரு காதோடு ஒரு வேட்டை

1929இல் யானை மேல் இருந்து நடந்த ஒரு வேட்டையின்போது, அருகில் இருந்தவரின் துப்பாக்கி கார்பெட்டின் காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. செவிப்பறை பாதிக்கப்பட்டது. அந்த நிலையிலேயே தல்லா தேஸ் பகுதியின் ஆட்கொல்லியைத் தேடிச் சென்றார். அப்போது வயது 53.

காட்டில் காது என்பது கண்ணை விடப் பெரியது. குரங்கின் எச்சரிக்கை ஒலி, மானின் கத்தல், காய்ந்த இலையின் சரசரப்பு எல்லாம் புலி எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஒரு காது கேட்காவிட்டால் ஓசை எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரியாது. போதாக்குறைக்கு உள்ளே கட்டி பழுத்து, முகம் வீங்கி, கண்ணும் மறைத்தது. மரத்தில் இருந்தபோது அந்தக் கட்டி உடைந்த பிறகுதான் வலி குறைந்தது. காயம்பட்ட புலியைப் பாதியில் விட்டு வர முடியாது என்பதால் பல நாள் பின்தொடர்ந்து வேட்டையை முடித்தார். இது துணிச்சல்தான். ஆனால் ஆபத்தான துணிச்சல்.

அறுபத்து மூன்றில் தாக்

1938ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி. தாக் கிராமத்துப் பெண் புலியைத் தேட அவர் தனக்கு விதித்துக்கொண்ட கடைசி நாள் அது. இளைஞனாக இருந்தால் மலை மலையாக ஓடித் தேடியிருக்கலாம். கார்பெட் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பெண் புலி துணை தேடிக் கொண்டிருப்பதை அதன் குரலில் இருந்து அறிந்திருந்தார். ஆண் புலியைப் போலவே குரல் கொடுத்தார். அது பதில் கொடுத்தது. பாதை ஓரத்துப் பாறையில் சாய்ந்தபடி மீண்டும் மீண்டும் அழைத்து, இருள் சூழும் நேரத்தில் அதைத் தன் எதிரே வர வைத்துச் சுட்டார். துப்பாக்கியின் உதைப்பில் நிலை தடுமாறி, கீழே இருந்த தன் ஆட்கள் மேலேயே விழுந்தார்.

முதுமையில் வேட்டையாடுவது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. காலால் புலியிடம் போக முடியாதபோது, புலியைத் தன்னிடம் வர வைத்தது அறுபது ஆண்டு அனுபவம்.

ஆராய்ச்சி சொல்வது

கார்பெட் ஒரு விதிவிலக்கா? முழுவதும் அப்படிச் சொல்ல முடியாது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் சுமார் 40 இடங்களில் வேட்டையாடி வாழும் மக்களின் பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடல் வலிமை இருபதுகளில் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் வேட்டைத் திறன் சராசரியாக 30 முதல் 35 வயதுக்குள்தான் உச்சத்துக்கு வருகிறது. அதன் பிறகும் சரிவு மெதுவாகவே இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர் கூட 18 வயது இளைஞனுக்குக் குறையாமல் இரை கொண்டு வருகிறார். தசையில் குறைவதை அறிவு ஈடுகட்டுகிறது என்பதே இதன் பொருள்.

ஆனால் ஈடுகட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கார்பெட் அறிந்திருந்தார். அறுபதுகளின் நடுவில் காய்ச்சலில் விழுந்து, எடை பெரிதும் குறைந்து, மருத்துவமனையில் கிடந்தார். மீண்டு எழுந்து 1944இல், 68 வயதில், படைவீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் கலையைக் கற்பித்தார். அப்போது அவர் வேலை ஓடுவது அல்ல, ஓடுபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது. துப்பாக்கிக்குப் பதில் சினிமா கேமராவால் புலிகளைப் பிடிப்பதை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். புலிகளைக் காக்க வேண்டும் என்று பேசினார். 1936இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்று தொடங்கிய காடு பின்னாளில் அவர் பெயரையே பெற்றது. 1947இல் கென்யா சென்றவர், 1955 ஏப்ரல் 19 அன்று 79 வயதில் இறந்தார்.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் பொழுதுபோக்குக்காகப் புலியை வேட்டையாட அனுமதி இல்லை. ஆனால் இந்த வரலாற்றின் பாடம் வேட்டைக்கு மட்டும் உரியது அல்ல. தினமும் நடந்த கால், கவனிக்கப் பழகிய காது, களைத்தபோது திரும்பி வரத் தயங்காத மனம் ஆகிய மூன்றும்தான் அவரை அறுபது வயதுக்கு மேலும் காட்டில் உயிரோடு வைத்திருந்தன. பல் உடைந்த புலிக்கு வேறு வழி தெரியவில்லை, அது கிராமத்துக்குள் வந்தது. வயதான மனிதனுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. இருவருக்கும் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.