ஸ்கின் டாக்டர் பக்கத்துல இல்லையா? அந்த க்ரீமைத் தடவுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தொடை இடுக்கில் வட்டமா ஒரு தடிப்பு. ராத்திரியானா தூங்கவிடாத அரிப்பு. ஊர்ல ஸ்கின் டாக்டர் கிடையாது. டவுனுக்குப் போனா ஒருநாள் சம்பளம் காலி. கடைசியில், 'அண்ணே, அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் நிற்போம். நம்மில் பலருக்கும் நடப்பது இதுதான்.

ஏன் இந்தத் தட்டுப்பாடு?

எம்.பி.பி.எஸ் ஐந்தரை வருடம், அதன்பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி 3 வருடம். சீட்டுகளோ குறைவு. படித்து முடிப்பவர்களில் பெரும்பாலானோர் நகரங்களிலேயே தங்கிவிடுகிறார்கள். லேசர், முடி சிகிச்சை என வருமானமும் அங்கேதான்.

க்ரீமில் என்ன ஆபத்து?

கடையில் தரும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பைச் சட்டென அடக்கும். ஆனால், அது தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குவதால் படர்தாமரை உள்ளுக்குள் பரவும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். 2018-லேயே இப்படிப்பட்ட பல க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென மத்திய அரசு உத்தரவிட்டது. ஆனாலும், கேட்டால் கிடைக்கிறது.

நீங்க என்ன செய்யலாம்?

* டியூபைத் திருப்பிப் பாருங்க. குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்றிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஏற்கெனவே ரொம்ப நாளாகத் தடவுகிறீர்களா? டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்க.

* அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பழைய டியூபையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.

* போக முடியலையா? அரசின் 'இ-சஞ்சீவனி'யில் இலவசமாக டாக்டரிடம் பேசலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ கைவசம் இருக்கட்டும்.

* டவல், உள்ளாடையைப் பகிராதீங்க. வெயிலில் காயவைங்க. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களும் சிகிச்சை எடுக்கணும்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீங்க!

மாத்திரை சாப்பிட்டபின் காய்ச்சலோடு கொப்புளம், வாய்ப்புண் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்க. உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் தொழுநோயாக இருக்கலாம். அதற்கான மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம், முழுசா குணமாகும்.

ஸ்கின் டாக்டர் தூரத்தில் இருக்கலாம். அதுக்காக மெடிக்கல் ஷாப் அண்ணனை டாக்டராக்கிடாதீங்க!