குடும்பத்தின் பெயரால்: ஊவாத் தோட்டங்களும் கிறிஸ்தவ மரபும்

1. பிரச்சினை

கருக்கலைப்பையும் மணமுறிவையும் எதிர்ப்பவர் வலதுசாரி, கூலியையும் குடியிருப்பையும் பேசுபவர் இடதுசாரி என்பது அமெரிக்கத் தேர்தல் களம் பழக்கிய பாகுபாடு. இலங்கைத் திருச்சபையிலும் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இந்தப் பாகுபாடு செல்லாது. குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற பழைய போதனையை முழுதாக எடுத்துக்கொண்டால், அது நம்மை நேரே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

2. மரபு எதைச் சொல்கிறது

1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடல் சோசலிசத்தை மறுத்தது, தனிச்சொத்துரிமையை ஆதரித்தது. அரசுக்கு முற்பட்டது குடும்பம் என்றது. அதே மடல்தான், தொழிலாளி உயிர்வாழப் போதாத கூலி, அவரே ஒப்புக்கொண்டதானாலும், நீதியாகாது என்றும் சொன்னது. இவற்றில் பாதியை மட்டும் ஏற்பவர் தம்மை மரபாளர் என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது.

3. லயத்தில் குடும்பம்

பழைய லயன் காம்பரா ஒன்று ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, புகையேறிய அடுப்படி. அதற்குள்தான் கிழவி, கணவன் மனைவி, வயதுக்கு வந்த மகள், தொட்டிலில் பிள்ளை எல்லாரும். கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. அன்று பாதிச் சம்பளம். தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகிறாள், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள். குடும்பம் சிதைவதற்குத் தொலைக்காட்சியையும் கைபேசியையும் குற்றம்சாட்டும் பிரசங்கங்களில் இந்த அரைப் பேரும் இடம்பெற வேண்டும்.

குடும்பத்தின்மீது அரசு விட்ட பெரிய வெட்டு வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்றானது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தது. குடியுரிமைப் பறிப்பை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசை விட்டு விலகி, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் ஒரு கிறிஸ்தவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

4. ஊவாவில் எழுந்த விடை

1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அதன் முதல் ஆயராக வந்தார். வசதியான இடத்திலிருந்து ஏழை மாவட்டத்துக்கு அவராகவே விரும்பி வந்தார். பெனடிக்ட் சபைத் துறவியான அவருக்குப் புதுமைமோகி என்ற பட்டம் பொருந்தாது. குருமாணவர் மக்களோடு வாழ்ந்து படிக்க வேண்டும் என்று பண்டாரவளையில் ‘சேவக செவண’ குருமடத்தை நிறுவினார். அங்கே பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கேல் ரொட்ரிகோ பின்னர் புத்தளைப் பக்கம் பௌத்த விவசாயிகளிடையே தங்கினார். 1987 நவம்பர் 10 அன்று, திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களை மரபை உடைத்தவர்கள் என்பவர்கள் உண்டு. நற்கருணையும் துறவும் ஏழைமேல் கரிசனையும் மரபில்லை என்றால் வேறு எது மரபு?

5. இன்றைய நிலை

வன்புணர்வு போன்ற சில சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் முன்மொழிவை 2017இல் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அது சட்டமாகவில்லை. அவர்கள் நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். அரசை அசைக்கும் குரல் திருச்சபைக்கு உண்டு என்பதையும் அது காட்டியது. அதே குரல், அதே உரப்பில், தோட்டத்துக் குடும்பத்தின் வீட்டுக்கும் காணி உறுதிக்கும் இன்னும் எழவில்லை.