மதுக்கூடக் கால்தாங்கிக் குழாய்
மதுக்கூட மேசையின் அடியில், வாடிக்கையாளர் கால் ஊன்றுவதற்காகப் பொருத்தும் உலோகக் குழாய். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மதுக்கடைகளில் பலரும் நின்றே குடித்தனர். ஒரு காலைத் தூக்கி வைத்தால் இடுப்புக்குச் சற்று ஓய்வு. அங்கே பித்தளைதான் வழக்கம். இன்று எவர்சில்வரும் உண்டு. பரவலான விட்டம் 2 அங்குலம், தரையிலிருந்து உயரம் 7 முதல் 9 அங்குலம்.

வளைந்த மேசைக்குக் குழாயை வளைக்கும் முன் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்வது நல்லது. குழாய்க்குள் மாண்ட்ரல் என்னும் தாங்குதண்டு செருகாமல் இறுக்கமாக வளைத்தால் வளைவு நசுங்கலாம், உட்பக்கம் சுருக்கம் விழலாம். எவர்சில்வர் மூலைகளை 45 பாகையில் வெட்டி, டிக் வெல்டிங் செய்து, பற்றைத் தேய்த்து பஃப் போட்டு மெருகேற்றுவர். பித்தளையைப் பற்றவைத்தால் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். மூலைத் துண்டுகளைத் திருகிப் பூட்டுவதே மேல். குழாயைப் பிடிக்கும் தாங்கிகளை மேசையின் உட்சட்டத்தில் முடுக்க வேண்டும். வெறும் முகப்புப் பலகையில் முடுக்கினால் விரைவில் ஆட்டம் காணும்.