வெள்ளை நாயும் திண்டுக்கல் பூட்டும்

இராஜபாளையத்தில் எங்கள் தாத்தா வீட்டுக்கு இரண்டு காவல். ஒன்று, முற்றத்தில் படுத்திருக்கும் வெள்ளை நாய். இளஞ்சிவப்பு மூக்கு, வீட்டார் கையைத் தவிர வேறு கை வைத்த சோற்றை மோந்துகூடப் பார்க்காது. இராஜபாளையம் நாய் இனத்துக்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டபோது ஊரே பெருமைப்பட்டது. மற்றொன்று, திண்டுக்கல் பூட்டு. கையால் ராவிச் செய்தது. அதன் சாவி அடுத்த வீட்டுப் பூட்டைத் திறக்காது.

இன்று அந்த வாசலில் கேமரா நிற்கிறது. மாட்ட வந்தவர் ஆலையில் வைத்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுப் போனார். அந்த வகைக் கேமரா எல்லாவற்றுக்கும் அதே சாவிதான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

2016-இல் மிராய் என்ற தீநிரல் நுழைந்தது இந்த வழியாகத்தான். ஏறத்தாழ அறுபது பொதுக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டே, உலகெங்கும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அவற்றை ஏவி, அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் தளங்கள் பலருக்கும் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களோ எதையும் அறியவில்லை.

இது எனக்கு உறைத்த அன்று இரவே எங்கள் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன், ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் திறந்து கேமராவை அதற்கு மாற்றினேன். நாயைப் பழக்கிய பிறகே தாத்தா அதை வாசலில் விட்டார். கருவிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும்.