லயத்து விளக்கொளியில் சொல்லப்பட்ட சாட்சிகள்

மலையகத்துத் தேவாலயங்களுக்கு ஒரு ஞாயிறேனும் போய் வந்தவர்களுக்குச் 'சாட்சி நேரம்' என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாடல்கள் முடிந்து பிரசங்கம் தொடங்குமுன் போதகர் சபையை நோக்கி, "யாராவது சாட்சி சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்பார். சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்களைக் கொண்ட ஒரு தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். தம் வீட்டில் நடந்ததை, தம் உடலுக்கு நேர்ந்ததை, தம் பிள்ளைக்காக அழுததைச் சொல்வார். அதைக் கேட்டு இன்னொருவர் தைரியம் அடைய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இந்த வழக்கம் நேற்று வந்த மைக்செட்டோடு வந்ததென்று பலரும் எண்ணுகின்றனர். பெந்தெகொஸ்தே சபைகள் இலங்கையில் வேரூன்றியது 1920களில் என்பதால் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. கேரளத்திலிருந்து சிறுவனாக இலங்கைக்கு வந்து கிறிஸ்தவரான இராமன்குட்டி, பின்னாளில் பாஸ்டர் பால் என்ற பெயரில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கியது அக்காலத்தில்தான். சாட்சி சொல்லுதலை ஆராதனையின் நடுவே கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்களே என்பதும் உண்மை. ஆனால் தோட்டப்புறத்தில் ஒரு தமிழன் மற்றொரு தமிழனிடம் தன் வாழ்க்கையைச் சொல்லி விசுவாசத்துக்கு அழைத்த கதை, தேயிலை இந்த மலைகளை மூடுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஆண்டு 1854. அப்போது கண்டிச் சீமையெங்கும் கோப்பித் தோட்டங்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்த தொழிலாளர்கள் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு அவர்களுடைய மொழியில் போதிக்க ஆட்கள் வேண்டும் என்ற எண்ணம் சில தோட்டத் துரைமார்களுக்கும், சேர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் நைட் என்பவருக்கும் எழுந்தது. ஆட்களை எங்கே தேடுவது? திருநெல்வேலியில்தான். அங்கிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹோப்ஸ் பாதிரியார் அவர்களை மேற்பார்வையிட வந்தார். 'தமிழ்க் கூலி மிஷன்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயரை இன்று எழுதவே கை கூசுகிறது. ஆயினும் அன்று அப்படித்தான் எழுதினார்கள்.

உபதேசியார் ஒருவருக்கு ஒரு தோட்டம் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒருவர் பல தோட்டங்களைக் கால்நடையாகச் சுற்ற வேண்டும். விடியலில் பெரட்டுக்களத்தில் தொழிலாளர் வரிசையில் நிற்கும்போது சில நிமிடம். மாலையில் வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியபின் விளக்கொளியில் சிறிது நேரம். அட்டைக் கடியும் மழையும் குளிரும் திருநெல்வேலிச் செம்மண் தேரியில் வளர்ந்தவர்களுக்குப் புதியவை. வேதபுத்தகத்தை வாசிக்கத் தெரியாதவர்களின் நடுவே ஒருவர் எதைச் சொல்ல முடியும்? தன் கதையைத்தான். தன் ஊரில் தன் பாட்டன் ஏன் கிறிஸ்தவரானார், அதனால் என்ன அடிபட்டார், எந்த நிலத்தை இழந்தார் என்பதையெல்லாம் சொல்லும் மரபு திருநெல்வேலியில் ஏற்கெனவே இருந்தது. 1799இல் முதலூர் உருவானதே அத்தகைய துன்புறுத்தலிலிருந்து தப்பியவர்களுக்காகத்தானே. ஆகவே லயத்தில் அமர்ந்து கேட்டவன் காதில் விழுந்தது இலண்டனிலிருந்து வந்த சமயமன்று. சங்கரன்கோவிலுக்கோ சாத்தான்குளத்துக்கோ பக்கத்துக் கிராமத்துக்காரன் ஒருவனுடைய கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சாட்சி' என்ற சொல் தொழிலாளிக்கு அந்தக் காலத்தில் வேறோரிடத்திலும் பழக்கமானது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுவது குற்றம், சிறைவாசம் உண்டு. நீதிமன்றத்தில் அவன் குற்றவாளிக் கூண்டில் நிற்பான், அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் கங்காணியாக இருப்பார். அப்படிப்பட்ட ஒருவனை இருபது பேர் நடுவே எழுப்பி, "நீ சொல், நாங்கள் கேட்கிறோம்" என்றால் அது எத்தகைய மாற்றம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் வரலாற்று மாணவனுக்கு ஏற்படும் ஏமாற்றமும் இங்கேதான் தொடங்குகிறது. அந்தச் சாட்சிகள் நமக்கு எப்படிக் கிடைத்தன? உபதேசியார் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பாதிரியார் அதிலிருந்து தேர்ந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினார். அது இங்கிலாந்தில் சங்கத்தின் சஞ்சிகைகளில் அச்சாகி, காணிக்கை கொடுப்போர் கைக்குச் சென்றது. மூன்று கை மாறியபின் எஞ்சியது, 'ஓர் ஏழைக் கூலி' என்ற பெயரற்ற உருவம். அவனுடைய ஊர் இல்லை, சாதி சில இடங்களில் உண்டு, குரல் இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜூலியா மார்கரெட் கமரன் நினைவுக்கு வருவார். டென்னிசனையும் டார்வினையும் படம்பிடித்த புகழ்பெற்ற அந்த ஆங்கிலப் பெண்மணி, முதுமையில் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். டென்னிசன் படத்துக்குக் கீழே டென்னிசன் பெயர் உண்டு. நம்மவர் படங்களுக்குக் கீழே பெயர் கிடையாது. 1879இல் டிக்கோயாவிலுள்ள கிளென்கெயர்ன் தோட்டத்தில் இறந்த அவரைப் பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்தார்கள். அக்கல்லறையைக் காண வெளிநாட்டிலிருந்து இன்றும் வருகிறார்கள். டிக்கோயாவின் வோர்லி ஆலயத்திலும் துரைமார்களின் கல்லறைகளில் பெயரும் பிறந்த ஊரும் செதுக்கப்பட்டுள்ளன. தேயிலைச் செடிக்கடியில் புதைந்தவர்களுக்குக் கல்லுமில்லை.

உபதேசிமாரை ஆள்வது யார் என்பதில் வெள்ளையர்களுக்குள் பெரும் சண்டை மூண்டது. 1876இல் கொழும்புக்கு வந்த கொப்பிள்ஸ்டன் பேராயருக்கு வயது முப்பதுதான். பல சபைகளைச் சேர்ந்த துரைமார் பணம் கொடுத்து நடத்தும் ஒரு மிஷன் தம் அதிகாரத்துக்கு வெளியே இயங்குவதை அவர் ஏற்கவில்லை. சேர்ச் மிஷனரி சங்கத்துப் பாதிரிமாரின் அனுமதிப் பத்திரங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டார். இங்கிலாந்துவரை சென்ற அந்த விவகாரம் 1880இல்தான் ஒருவாறு தீர்ந்தது. இதைப் பற்றி எழுதப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் ஏராளம். அந்த நான்கு ஆண்டுகளிலும் மழையில் நனைந்தபடி தோட்டம் தோட்டமாய் நடந்த உபதேசிமாரிடம் எவரேனும் கருத்துக் கேட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

கதைகள் ஒரு திசையில் மட்டும் பயணிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1902இல் யாழ்ப்பாணம் வந்த இளைஞர் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டு ஊர் திரும்பியவர், மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானார். மலையகத்துக்கு உபதேசிமாரை அனுப்பிய மண்ணுக்கு, அதே கடலைத் தாண்டி இலங்கைத் தமிழரின் முன்மாதிரி போய்ச் சேர்ந்தது. அசரியா 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார்.

மீண்டும் மலைக்கு வருவோம். கிறிஸ்தவம் தோட்டங்களில் பெருந்திரளாகப் பரவவில்லை. மாரியம்மன் கோயிலும் காமன் கூத்தும் தப்பொலியும் தொழிலாளரின் உயிரோடு கலந்தவை. கங்காணியின் அதிகாரமும் அவற்றோடு பிணைந்திருந்தது. திருவிழாவுக்கு வரி கொடுக்க மறுப்பவன் லயத்தில் தனித்துவிடப்படுவான். ஆகவே சாட்சி சொல்லுதல் எப்போதும் இனிய காரியமாக இருந்ததில்லை. சொல்பவருக்கு அது உறவை இழக்கும் துணிச்சல். கேட்கும் இந்து அயலவருக்கோ சில வேளை தம் தெய்வத்தை இகழும் பேச்சு. இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். தன் கதையைச் சொல்வது வேறு, அடுத்த வீட்டுச் சாமியைப் பேய் என்பது வேறு என்ற பாகுபாட்டைச் சில போதகர்கள் மறந்ததன் விளைவை முழுச் சமூகமும் அனுபவித்தது. 2003இல் மென்சிங்கன் அருட்சகோதரிகள் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு வழங்கவில்லை என உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. 2004இல் மதமாற்றத் தடை மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது சட்டமாகவில்லை எனினும் அச்சம் மலைவரை ஏறியது.

சாட்சிகளின் வடிவத்திலும் எனக்கொரு குறை உண்டு. குடித்தேன், நோயுற்றேன், ஜெபித்தேன், விடுபட்டேன் என்று எல்லாம் ஒரே அச்சில் வந்து விழுகின்றன. தவறணை தோட்டத்து வாசலில் ஏன் இருந்தது, சம்பளம் ஏன் போதவில்லை என்ற கேள்விகள் அந்த அச்சுக்குள் அடங்குவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் வேறு வகைக் கிறிஸ்தவர்கள். 1972இல் கண்டியில் சத்யோதயாவைத் தொடங்கிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொழிலாளரின் கதைகளைக் குடியுரிமை மறுப்பின் ஆவணங்களாகக் கேட்டார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியதையும், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் கணக்குப் பிரித்ததையும் அவர் போன்றோர் மறக்கவிடவில்லை.

ஆயினும் அந்த ஒரே அச்சுக்குள்ளும் சில வேளை வரலாறு கசிந்துவிடும். ஹற்றனுக்கு அருகே ஒரு தோட்டத்துச் சிறு ஆலயத்தில் பல ஆண்டுகளுக்குமுன் நான் கேட்ட சாட்சியைச் சொல்கிறேன். எழுந்து நின்றவர் எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி. வழக்கம்போல் நோயில் தொடங்கினார். பின்னர் திடீரெனத் தம் அக்காளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கடவுச்சீட்டு வந்ததும் அக்காள் குடும்பத்தோடு இந்தியா போனது, ஒப்பாரிக் கோச்சி என்று மக்கள் பெயரிட்ட அந்த ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியே தம் கையில் அக்காள் திணித்துவிட்டுப் போனது ஒரு பழைய பாட்டுப் புத்தகம், தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் மகள் படித்து வரும்வரை பத்தாண்டு அதைப் பெட்டியில் வைத்திருந்தது, அக்காள் கோத்தகிரிப் பக்கம் எங்கோ இறந்துபோன செய்தி ஒரு வருடம் கழித்துக் கடிதத்தில் வந்தது. போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூதாட்டி நிறுத்தவில்லை.

"அக்கா பேரு இந்தச் சபையில யாருக்கும் தெரியாது. அதனால சொல்றேன்" என்றார். சொன்னார். சபை "ஆமென்" என்றது. பிறகு அவர் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.